எந்தத் தீவு? கேப் கரீபியன் ஸ்டடீஸில் நான் வாங்கியதும் விட்டதும்

கேப் என்பது கரீபிய நாடுகளின் மேல்நிலைத் தேர்வு. முடிவு வந்து ஐந்து நாள் ஆகிறது. கிரேடு 2 (1தான் உச்சம்). முதல் மாட்யூலில் பி, இரண்டாவதில் ஏ, மூன்றாவதில் சி. அந்த சி-யை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அந்தக் கதை கீழே வரும். ஆனால் மார்ச் மாத மாக் (மாதிரி) தேர்வில் இதே பாடத்தில் நான் ஃபெயில். அதை வைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம் என்று அம்மா பால்பாயசம் வைத்தாள். அப்பா மட்டும் "அந்த ஒண்ணு எங்கம்மா போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்துக்கொண்டேதான். ஆனாலும் கேட்டார்.

பெற்றோர் வேலைக்காக டிரினிடாடுக்கும் கயானாவுக்கும் பார்படோஸுக்கும் வந்து இந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். கணக்கு, இயற்பியலுக்கு ஊரிலிருந்து மாமா, சித்தப்பா யாராவது சொல்லித் தருவார்கள். இதற்கு யாரும் கிடையாது. "இவங்க ஊர்க் கதை நமக்கெதுக்குடி?" என்பதுதான் எங்கள் வீட்டில் கிடைத்த ஒரே வழிகாட்டல். அதனால்தான் எழுதுகிறேன். எத்தனை தாள், எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் மனப்பாடக் கட்சி. முசிறியில் எட்டாவது வரை படித்தவள். ஐந்து மதிப்பெண் வினா என்றால் ஐந்து பாயிண்ட், ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு. அந்தப் பழக்கத்தோடுதான் இங்கே லோயர் சிக்ஸில் (மேல்நிலை முதலாண்டு) உட்கார்ந்தேன். மேம்பாடு என்றால் என்ன, உலகமயமாதல் என்றால் என்ன, சமூக அடுக்கு என்றால் என்ன, எல்லா வரையறையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாக் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப இருந்தது: "எங்கே?" எண்ணிப் பார்த்தேன், பதினான்கு இடத்தில்.

"கரீபிய மக்கள் சுற்றுலாவை நம்பி வாழ்கிறார்கள்" என்று ஒரு வரி. பக்கத்தில் "எங்கே?". மிஸ் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உன் வீடு எங்கே?" கூவா என்றேன். "கூவாவில் கடைசியாக எப்போது ஒரு சுற்றுலாப் பயணியைப் பார்த்தாய்?" யோசித்துப் பார்த்தேன். பார்த்ததே இல்லை. எங்கள் பக்கம் இருப்பது பாயின்ட் லிசாஸ் ஆலைகளும், அமோனியா ஏற்ற வரும் கப்பல்களும், முன்பு கரும்பு விளைந்த நிலங்களும்தான். டிரினிடாடின் வண்டி ஓடுவது எண்ணெயிலும் எரிவாயுவிலும். சுற்றுலாவில் வாழ்வது பஹாமாஸ், ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, பார்படோஸ். கயானாவின் கடற்கரை பெரும்பாலும் சேறுதான்; கடல் உள்ளே வந்துவிடாமல் இருக்கச் சுவர் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டையும் சேர்த்து நான் சுற்றுலாவில் வாழ வைத்திருந்தேன்!

இந்த ஒரு "எங்கே?"தான் என்னை ஃபெயிலிலிருந்து ஏ-க்குத் தூக்கியது. மற்ற ஆலோசனையை எல்லாம் மறந்துவிட்டாலும் பரவாயில்லை. ஒரு வாக்கியம் எழுதியதும் அதைப் பார்த்து "எந்தத் தீவு?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். நான் ஏப்ரல் முழுக்க இதை மட்டுமே செய்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஒரு நாட்டுக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் இல்லை. பக்கத்தின் தலையில் நாட்டின் பெயர், கீழே நாலைந்து வரி. அதிலிருந்து சிலவற்றை அப்படியே தருகிறேன். இதைக் காப்பி அடித்து மனப்பாடம் செய்தால் உங்களுக்கு ஒட்டாது, உங்கள் நோட்டை நீங்களே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தருகிறேன்.

டொமினிக்கா: 2017 செப்டம்பர் 18, மரியா புயல், ஐந்தாம் வகை. சேதமும் இழப்பும் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் 226 சதவீதம். ஒரே இரவில் இரண்டு வருஷச் சம்பாத்தியத்துக்கு மேல் போச்சு. (2015இல் எரிக்காவிலிருந்தே அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தார்கள்.)

கிரெனடா: 2004 ஐவன். ஜாதிக்காய் மரங்கள் சாய்ந்தன. வாழை மாதிரி அடுத்த வருஷம் காய்க்காது, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1, பெரில், கரியாக்கோ தீவு.

மான்ட்செராட்: 1995 எரிமலை. தலைநகர் பிளிமத் சாம்பலுக்குள். மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெளியேற்றம். புலம்பெயர்வு கேள்விக்கும் பேரிடர் கேள்விக்கும் பொது.

ஹெய்ட்டி: 1804 ஜனவரி 1 விடுதலை. 1825இல் பிரான்ஸ் கேட்ட நஷ்டஈடு 15 கோடி பிராங்க், பிறகு 9 கோடியாகக் குறைப்பு. அடிமையாக இருந்தவர்கள் அடிமைப்படுத்தியவர்களுக்குக் கொடுத்த பணம். 2010 ஜனவரி 12 நிலநடுக்கம்.

ஜமைக்கா: பாக்சைட் (அலுமினியத் தாது), 1974இல் பிரதமர் மேன்லி அரசின் வரி. 1977இல் ஐ.எம்.எஃப். கடன். 2013 வாக்கில் கடன் நாட்டு உற்பத்தியைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பத்து வருஷத்தில் அதைப் பாதியாகக் குறைத்துக் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் அனுப்பும் பணம் நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு.

செயின்ட் கிட்ஸ்: 2005இல் சர்க்கரைத் தொழிலுக்கு மூடுவிழா. குடியுரிமை விற்பனை 1984 முதல்.

கியூபா: 1961 எழுத்தறிவு இயக்கம். வருமானம் குறைவு, படிப்பும் ஆயுளும் உயரம். வருமானத்தை மட்டும் வைத்து மேம்பாட்டை அளக்க முடியாது என்பதற்கு.

சூரினாம்: (காலி)

சூரினாம் பக்கம் கடைசி வரை காலியாகவே இருந்தது. 1975 நவம்பரில் விடுதலை என்று மட்டும் பென்சிலால் எழுதி, அதையும் அழித்துவிட்டேன். எல்லா நாட்டையும் படிக்க வேண்டும் என்பதில்லை. பத்து நாடு நன்றாகத் தெரிந்தால் போதும்.

வளர்ச்சி வேறு, மேம்பாடு வேறு. இரண்டாவது மாட்யூலின் உயிர்நாடி இதுதான், கேள்வி எந்த வேஷத்தில் வந்தாலும். மனித மேம்பாட்டுக் குறியீடு ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கிறது என்பதை எல்லோரும் எழுதுவார்கள். நான் கயானாவை வைத்து எழுதினேன். 2015இல் கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், 2019 டிசம்பரில் எடுக்க ஆரம்பித்தார்கள். 2022இல் மட்டும் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. உலகத்திலேயே வேகமான வளர்ச்சி என்று செய்தி. மொத்த ஜனத்தொகை எட்டு லட்சம் சுமார்தான், எங்கள் திருச்சி மாநகரத்தைவிடக் குறைவு. அப்படியென்றால் எல்லோரும் பணக்காரர்களா? 2024 பிப்ரவரியில் அங்கே ஆசிரியர்கள் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்தேன். வளர்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாக வரையறுக்கவே தேவைப்படவில்லை.

டிரினிடாடை எழுத எனக்குப் புத்தகம் வேண்டியிருக்கவில்லை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே அந்தப் பாடம் நடக்கும். அப்பா ஊருக்குப் பணம் அனுப்ப அமெரிக்க டாலர் வேண்டும். வங்கியில் கேட்டால் இந்த வாரம் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். கார்டில் மாதம் இவ்வளவுதான் என்று வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எரிவாயு விற்றுத்தான் டாலர் வருகிறது. எரிவாயு குறைந்தால் டாலர் குறைகிறது. ஆனால் மாவு, பருப்பு, கார், மருந்து எல்லாம் டாலர் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரே பொருளை நம்பிய பொருளாதாரம் என்று புத்தகம் மூன்று பக்கம் சொல்வதை அப்பா ஒரு வரியில் சொல்வார்: "சம்பளம் இருக்கு, காசு இல்ல."

ஆர்தர் லூயிஸை விட்டுவிடாதீர்கள். செயின்ட் லூசியாவில் 1915இல் பிறந்தவர், 1979இல் பொருளாதாரத்துக்கு நோபல். வெளிநாட்டு முதலீட்டை அழைத்து, வரிச்சலுகை கொடுத்து, ஆலை வைத்து, வயலில் தேவைக்கு மேல் இருக்கும் ஆட்களுக்கு வேலை கொடுக்கலாம் என்ற யோசனை. "அழைப்பின் பேரில் தொழில்மயம்" என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், கொஞ்சம் கிண்டலாகத்தான். விமர்சனமும் எழுத வேண்டும்: லாபம் வெளியே போனது, இயந்திரம் அதிகம், வேலை குறைவு. அப்பா வேலை செய்யும் ஆலைக்கு ஒருமுறை குடும்பத்தோடு போயிருக்கிறோம். கண்ணுக்கெட்டிய தூரம் குழாய். ஷிப்டில் ஆட்களைத் தேட வேண்டியிருந்தது. அதைத்தான் எழுதினேன், "பாயின்ட் லிசாஸில்" என்று இடம் சொல்லி. மற்றச் சிந்தனை மரபுகளை, கறுப்பினப் பெருமை பேசும் நெக்ரிட்யூட், பான் ஆப்பிரிக்கம், பெண்ணியம், ஆளுக்கு மூன்று வரி போட்டுத் தாண்டினேன். அதுவே போதுமானதாக இருந்தது. பெண்ணியத்தை இன்னும் நன்றாகப் படித்திருக்கலாம் என்று ஒரு குறை உண்டு. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தில் பெண்களே பெரும்பான்மை. எங்கள் சிக்ஸ்த் ஃபார்மிலும் பையன்கள் ஒரு பெஞ்சுக்குத்தான் தேறுவார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று கேள்வி வந்தால் நான் தடுமாறியிருப்பேன்.

வாழைப்பழச் சண்டை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. என் அம்மா வழித் தாத்தா தொட்டியத்தில் வாழை போட்டவர். ஐப்பசிக் காற்றில் தோப்பு ஒரே நாளில் படுத்துக்கொண்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். செயின்ட் வின்சென்ட், செயின்ட் லூசியா, டொமினிக்கா மலைச்சரிவுகளில் இருந்தவர்களும் அந்தத் தாத்தா மாதிரிச் சின்ன விவசாயிகள்தான். ஐரோப்பா பழைய காலனி என்ற முறையில் அவர்கள் பழத்துக்குச் சலுகை கொடுத்து வாங்கியது. லத்தீன் அமெரிக்காவில் பெரும்பெரும் தோட்டங்கள் வைத்திருந்த நிறுவனங்களுக்கு அது பொறுக்கவில்லை. தன் மண்ணிலிருந்து ஐரோப்பாவுக்குப் பழம் அனுப்பாத அமெரிக்கா, ஈக்வடார், குவாதமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோவோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 1997இல் தீர்ப்பு ஐரோப்பாவின் அந்தச் சலுகைக்கு எதிராக வந்தது. சலுகை தேய்ந்தது, ஆயிரக்கணக்கான விவசாயிகள் வாழையை விட்டார்கள். உலகமயமாதல் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. மலைச்சரிவுக் கால் ஏக்கரும் சமவெளிப் பெருந்தோட்டமும் ஒரே விலைக்கு விற்க வேண்டும் என்பதைத்தான் "சமமான போட்டி" என்றார்கள். இதைக் கட்டுரையில் இவ்வளவு கோபமாக எழுதாதீர்கள். நான் எழுதினேன், மாக்கில் மிஸ் ஓரத்தில் "அமைதி" என்று எழுதினார்.

ஒருங்கிணைப்பு பற்றிச் சுருக்கமாக:

பத்து உறுப்பினர்கள் சேர்ந்த மேற்கிந்தியக் கூட்டரசு 1958இல் தொடங்கி 1962இல் முடிந்தது. 1961இல் ஜமைக்கா வாக்கெடுப்பில் வெளியேறியது. அப்போது டிரினிடாடின் தலைவர் எரிக் வில்லியம்ஸ் சொன்ன கணக்கு: பத்தில் ஒன்று போனால் பூஜ்யம். இந்த ஒரு வரி போட்டாலே படித்தவள் என்று தெரியும்.

காரிகாம் (கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு), 1973 ஜூலை 4, சகுவாரமாஸ் ஒப்பந்தம்.

கரீபிய நீதிமன்றம், 2005, போர்ட் ஆஃப் ஸ்பெயினில். ஒரு ஜமைக்காப் பெண்ணை பார்படோஸ் விமான நிலையத்தில் தடுத்துத் திருப்பி அனுப்பிய வழக்கில் 2013இல் அவர் பக்கம் தீர்ப்பு. சுதந்திரமாகப் போய்வருவது பற்றிக் கேட்டால் இது.

வேடிக்கை: அந்த நீதிமன்றக் கட்டிடம் இருக்கும் டிரினிடாடின் இறுதி மேல்முறையீடு இன்னும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகிறது.

விளையாட்டு கேள்வி வந்தால் எல்லோரும் போல்ட் என்று ஆரம்பிப்பார்கள். நீங்கள் 2007 உலகக் கோப்பை கிரிக்கெட்டை எடுங்கள். கயானாவில் இந்திய உதவியோடு பிராவிடன்ஸ் மைதானம், ஆன்டிகுவாவில் சீன உதவியோடு இன்னொன்று. கட்டியாயிற்று, அப்புறம் அதை ஆண்டு முழுக்கப் பராமரிக்க யார் பணம் தருவது? லாபமா செலவா என்று இரண்டு பக்கமும் எழுத அதில் இடம் இருக்கிறது.

இப்போது அந்த சி.

மூன்றாவது மாட்யூலுக்கு எஸ்.பி.ஏ. என்று மாணவரே செய்யும் ஓர் ஆய்வு உண்டு. அதற்குத் தலைப்பு எடுக்கச் சொன்னபோது "டிரினிடாடில் குற்றங்களும் வேலையின்மையும்" என்று எழுதிக் கொடுத்தேன். முழு நாட்டையும் பதினேழு வயதுப் பெண் இருபது கேள்வித்தாளை வைத்து ஆராயப் போகிறாள்! அப்போது எங்களைப் பார்த்துக்கொண்ட மேற்பார்வை ஆசிரியர் தலையாட்டினார். பிறகு அவர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர், அவர்தான் அந்தச் சிவப்பு மை மிஸ், இரண்டே நிமிடத்தில் "இது பத்து வருஷ வேலை" என்று திருப்பிக் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்! பள்ளி மூடிவிட்டது. கையில் தலைப்பே இல்லை. பள்ளி மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் நான்தான் அக்டோபரிலேயே யோசித்திருக்க வேண்டும்.

பிறகு எங்கள் தெருவையே எடுத்தேன். 2003இல் அரசுச் சர்க்கரை நிறுவனமான கரோனியை மூடியபோது ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வேலை இழந்தார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டுத் தாத்தாக்கள் அந்த வேலையில் இருந்தவர்கள். மூடிய பிறகு அந்த வீடுகள் எப்படிச் சமாளித்தன என்பது தலைப்பு. அருமையான தலைப்பு, இன்றும் சொல்வேன். ஆனால் ஜனவரி கடைசியில் ஆரம்பித்தேன்.

கேள்வித்தாளில் மூன்றாவது கேள்வி: "உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" முதல் வீட்டிலேயே கதவு பாதி மூடியது. இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "இந்தக் கேள்வியை உன் அப்பாவிடம் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை. எனக்கே அப்பாவின் சம்பளம் தெரியாது. நம்மூரிலும் யாரும் வாசலில் நின்றுகொண்டு கேட்கிற பெண்ணிடம் சம்பளம் சொல்வார்களா என்ன? இருபது தாளில் பதினேழில் அந்தக் கட்டம் காலி.

மூன்றாவது வீட்டில் ஒரு ஆஜி. இங்கே அப்பாவைப் பெற்ற பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், போஜ்புரியிலிருந்து வந்த சொல். அவர் தாளைத் தொடவே இல்லை. உட்காரச் சொல்லி, புளிச்சைப் பூவில் செய்யும் சோரல் சர்பத் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். நஷ்டஈட்டுப் பணம் வந்தது, சிலர் கார் வாங்கினார்கள், சிலர் கடன் அடைத்தார்கள். தருவதாகச் சொன்ன இரண்டு ஏக்கர் நிலம் வருஷக்கணக்கில் இழுத்தது. அப்போது எங்களைக் காப்பாற்றியது சூசூதான் என்றார். எனக்குப் புரியவில்லை. பன்னிரண்டு பேர் மாதம் ஒரு தொகை போடுவோம், மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார், இது என் "ஹேண்ட்", அது அவள் "ஹேண்ட்" என்று விளக்கினார்.

சீட்டு! எங்கள் அம்மாச்சி முசிறியில் பிடித்த அதே சீட்டு. ஏலம் இல்லை, தள்ளுபடி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். யோருபா மொழியிலிருந்து வந்த பெயர், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்தது. கரும்புக்கு வந்த இந்தியர்களின் பேத்தி அதில் பணம் போடுகிறார். ஜமைக்காவில் பார்ட்னர், கயானாவில் பாக்ஸ் ஹேண்ட், பார்படோஸில் மீட்டிங் டர்ன் என்று நாட்டுக்கொரு பெயர். ஒரு மணி நேரம் பேசினார். நான் ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை. பேனா கையில் இருந்தது. "பதில்கள் கேள்வித்தாளில்தான் இருக்க வேண்டும்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சுதான் என் ஆய்வு என்பது பிப்ரவரி கடைசியில்தான் உறைத்தது. மறுபடி போனபோது ஆஜி மகளைப் பார்க்க டொரான்டோ போய்விட்டிருந்தார். காலிக் கட்டங்களை வைத்து வட்ட வரைபடம் போட்டேன். சி கிடைத்தது. இன்னும் குறைத்திருந்தாலும் கேட்டிருக்க முடியாது.

எஸ்.பி.ஏ.க்கு நான் சொல்வது:

தலைப்பு உங்கள் தெருவுக்குள் அடங்க வேண்டும்.

வருமானத்தை நேராகக் கேட்காதீர்கள். வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று சுற்றி வாருங்கள்.

முதலில் இரண்டு வீட்டில் மட்டும் கொடுத்துப் பாருங்கள். நான் இருபதையும் ஒரே சனிக்கிழமை கொடுத்தேன்.

பெரியவர்களிடம் தாள் வேண்டாம், பேச்சு. அனுமதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்; அம்மாவின் முறுக்குக்கு இந்தத் தெருவில் நல்ல மரியாதை.

மேற்பார்வை ஆசிரியர் மாறுவார் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

முதல் மாட்யூலுக்கு எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை, பி-தான் வாங்கினேன். ஒன்று மட்டும். இந்தியர் வருகை பற்றி எழுதும்போது நம் ஆட்களுக்கு ஒரு பெருமை தொற்றிக்கொள்கிறது, தமிழர் எல்லா இடத்திலும் இருந்தார்கள் என்று. நானும் எழுதினேன். எங்கே? மறுபடி அதே கேள்விதான். டிரினிடாடுக்கு 1845 மே 30இல் ஃபாட்டல் ரசாக் கப்பலில் தொடங்கி 1917 வரை ஏறக்குறைய 1,44,000 பேர் வந்தார்கள்; பெரும்பாலோர் கல்கத்தா வழியாக, போஜ்புரி பேசிய மாவட்டங்களிலிருந்து. சென்னை வழியாக வந்தவர்கள் சிறுபான்மை. "மதராசி" என்ற பெயரும் மாரியம்மனும் கயானாவில் அழுத்தமாக நிற்கின்றன. தமிழர் அதிகம் போய்ச் சேர்ந்தது பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும், புதுச்சேரி, காரைக்கால் வழியாக. அங்கே இன்றும் மாரியம்மன் "மாலியெமன்" ஆக இருக்கிறாள். இதையெல்லாம் பிரித்து எழுதினால் மார்க். மொத்தமாகப் பெருமைப்பட்டால் வகுப்பில் உள்ள இந்தோ டிரினிடாடியர்களே சிரிப்பார்கள். அவர்கள் என்னை "இந்தியா இந்தியன்" என்பார்கள். நான் அவர்கள் கணக்கில் வேறு சாதி.

இன்னொரு சொல், பேரல் பிள்ளைகள். ஜமைக்காவில் வந்த பெயர். அம்மா நியூயார்க்கிலோ லண்டனிலோ வேலை செய்து, துணி, சோப்பு, அரிசி, பொம்மை எல்லாம் பெரிய பீப்பாயில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார். பிள்ளை பாட்டியிடம் வளரும். அனுப்பப்படும் பணத்தால் வறுமை குறைகிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். பீப்பாய் வருகிறது, அம்மா வரவில்லை என்பதையும் சேர்த்தால்தான் சமூகப் பக்கம் முழுமையாகும். துபாயிலிருந்து வரும் பெட்டியைப் பிரித்து வளர்ந்தவர்கள் நம் வகுப்பிலும் இருந்தார்களே, எனக்கு இதைப் புரிந்துகொள்ள நேரமே ஆகவில்லை.

தேர்வு அன்று. மழை தகரக் கூரையில் கொட்டியது. பேரிடரும் மேம்பாடும் பற்றி ஒரு கேள்வி பார்த்ததும் கை தானாக டொமினிக்கா பக்கத்துக்குப் போனது. ஐவன் புயல் கிரெனடாவில் எவ்வளவு சேதம் என்ற எண் கடைசி நொடியில் மறந்துவிட்டது. விட்டுவிட்டேன், ஆண்டை மட்டும் எழுதினேன். எண் நினைவில்லை என்றால் இட்டுக்கட்டாதீர்கள். திருத்துகிறவர் அந்தப் புயலில் கூரை இழந்தவராகவே இருக்கலாம்.

சில உதிரிகள்:

"விவாதி" என்றால் இரண்டு தரப்பும் வேண்டும். "விவரி" என்றால் ஒரு தரப்பு போதும். இதைக் கவனிக்காமல் மாக்கில் எழுதிக் குவித்தேன்.

முன்னுரையில் கரீபியக் கடலின் நீல நிறம் வேண்டாம்.

பல்தேர்வுத் தாளுக்குப் பழைய தாள்களைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது. மூன்றாவது மாட்யூல் கேள்விகள் அங்கே சுலபம், மாதிரி எடுப்பு, கருதுகோள், அவ்வளவுதான்.

இரவு முழுக்கக் கண் விழிப்பது சிலருக்கு ஒத்துவரும். எனக்கு வராது. நான் அதிகாலை நாலு மணிக்காரி, அதனால் எல்லோரையும் நாலு மணிக்கு எழச் சொல்வேன், கேட்காதீர்கள்.

செய்தித்தாள் படியுங்கள் என்று எல்லா ஆசிரியரும் சொல்வார்கள். நான் படிக்கவில்லை. மேக்ஸி டாக்ஸியில் போகும்போது ரேடியோவில் மக்கள் போன் போட்டுத் திட்டுவதைக் கேட்டேன். டாலர், தண்ணீர், விலைவாசி எல்லாம் அதில் வந்துவிடும்.

போன வாரம் ஆஜி டொரான்டோவிலிருந்து திரும்பிவிட்டார். முடிவைச் சொன்னேன். "டூ? ஒன் யாருக்கு?" என்றார். அப்பாவின் குரலேதான். வரும் செப்டம்பரில் என் தம்பி கவின் லோயர் சிக்ஸ் போகிறான். நோட்டைக் கேட்டான், கொடுத்துவிட்டேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, சூரினாம் பக்கம் காலியா இருக்கு" என்றான். பென்சிலைக் கையில் கொடுத்தேன்.